டிரெஸ் டவுன் களத்தில் இருக்கும்போது மேகஸும் சீஃப்டனும்: எது செல்லும், எது செல்லாது?

நிழலாட்டக்காரன்:

வணக்கம். மேஜிக் த கேதரிங் என்ற சீட்டாட்டம் ஒன்றில் எனக்கும் எதிரே ஆடிய நண்பருக்கும் இடையே எழுந்த வழக்கு ஒன்றை இங்கே வைக்கிறேன். ஆட்டம் முடிந்துவிட்டது, நான் தோற்றும்விட்டேன். முடிவை மாற்றுவதற்காக அல்லாமல், அடுத்த முறை இதே நிலை வந்தால் என்ன சொல்வது என்று தெரிந்துகொள்வதற்காகவே கேட்கிறேன்.

அப்போது என் உயிர்ப்புள்ளி 8. என் பக்கத்தில் ஒரு டெத்ஸ் ஷாடோ இருந்தது. அதன் மேல் 13/13 என்று அச்சிட்டிருந்தாலும், அதை வைத்திருப்பவரின் உயிர்ப்புள்ளி எவ்வளவோ அவ்வளவு பவரும் (அடிக்கும் சேதம்) டஃப்னஸும் (தாங்கும் சேதம்) குறைந்து நிற்கும் கிரீச்சர் (போரிடும் உயிரி) அது; ஆகவே அப்போது 5/5. சீட்டுகளைப் போடத் தேவையான மானாவைத் தரும் லேண்டுகளாக இரண்டு பேசிக் ஐலண்டும், பேசிக் அல்லாத, அதாவது நான்பேசிக் லேண்டான வாட்டரி கிரேவ் இரண்டும் வைத்திருந்தேன். எதிர்ப்பக்கத்தில் மேகஸ் ஆஃப் த மூன், கோப்ளின் சீஃப்டன், அச்சில் 2/2 என்றிருக்கும் வேறு இரண்டு கோப்ளின்கள். நான்பேசிக் லேண்டுகள் எல்லாம் மவுண்டன் என்று மேகஸ் சொல்வதால் என் வாட்டரி கிரேவ் இரண்டும் சிவப்பு மானா மட்டுமே தந்துகொண்டிருந்தன.

என் முறையில், இரண்டு ஐலண்டையும் தட்டி மானா எடுத்து டிரெஸ் டவுன் போட்டேன். கிரீச்சர்கள் எல்லாத் திறன்களையும் இழக்கும் என்பது அந்த என்சான்ட்மென்டின் (களத்தில் தங்கி விளைவு தரும் சீட்டின்) வாசகம். தன்னைக் குறைத்துக்கொள்ளும் திறன் போய்விட்டதால் ஷாடோ முழு 13/13 ஆனது. இதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மேகஸும் திறனை இழந்துவிட்டதால் வாட்டரி கிரேவிலிருந்து கறுப்பு மானா எடுத்து, கையிலிருந்த கோ ஃபார் த த்ரோட் என்ற மந்திரத்தால் சீஃப்டனைக் கொல்லலாம் என்று நான் எண்ணியிருந்தேன். நண்பர் மறுத்தார். மேகஸ் முதலில் வந்தது, டிரெஸ் டவுன் பிறகுதான் வந்தது, ஏற்கெனவே நடந்துவிட்டதை அது திருப்ப முடியாது என்றார். வாக்குவாதத்தில் நேரம் போக, கடைசியில் பகடை உருட்டினோம். அவர் பக்கம் விழுந்தது.

சரியென்று ஷாடோவைக் கொண்டு தாக்கினேன். அவர் சீஃப்டனையும் இன்னொரு கோப்ளினையும் சேர்த்துத் தடுக்க வைத்தார். சீஃப்டன் மற்றக் கோப்ளின்களுக்கு +1/+1 தருவதும் மேகஸைப் போலவே செல்லும் என்று சொல்லி, 2 + 3 என 5 சேதத்தை ஷாடோவின் மேல் கணக்கு வைத்தார். இரண்டு கோப்ளின்களும் இறந்தன. முறையின் முடிவில் வரும் எண்ட் ஸ்டெப் என்ற கட்டத்தில் டிரெஸ் டவுன் தன் வாசகப்படியே பலியானது, ஷாடோ மீண்டும் 5/5 ஆனது, அதன் மேல் 5 சேதம் இருந்ததால் அதுவும் இறந்தது. அதற்குப் பின் ஆட்டம் என் கையில் இல்லை.

என் கேள்வி இரண்டு. அந்த நேரத்தில் என் லேண்டுகள் மவுண்டன்தானா? சீஃப்டனின் +1/+1 செல்லுமா? எனக்குத் தோன்றுவது என்னவென்றால், இரண்டுக்கும் விடை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இரண்டும் கிரீச்சரின் திறன்கள், இரண்டும் டிரெஸ் டவுனுக்கு முன் வந்தவை. ஒன்று செல்லுமென்றால் மற்றதும் செல்ல வேண்டும். ஒன்று போகுமென்றால் மற்றதும் போக வேண்டும்.

நேர்வழி:

இதில் சிக்கல் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எல்லாத் திறன்களையும் இழக்கும் என்றால் எல்லாவற்றையும்தான் இழக்கும். மேகஸின் திறன் போய்விட்டது, எனவே உங்கள் வாட்டரி கிரேவ்கள் கறுப்பு மானா தரும். சீஃப்டனின் திறனும் போய்விட்டது, எனவே மற்றக் கோப்ளின் 2/2 தான். மேலும், கிரீச்சர்கள் பட்ட சேதம் அந்த முறையின் முடிவில் நீங்கிவிடும் என்பதால் ஷாடோ இறந்திருக்கவே கூடாது. மூன்றிலும் உங்களுக்கு அநீதி நடந்திருக்கிறது.

ஏழாம்அடுக்கு:

நேர்வழி சொன்ன மூன்றில் ஒன்று சரி, இரண்டு பிழை. எளிய பிழையை முதலில் முடித்துவிடுகிறேன். சேதம் நீங்குவது எண்ட் ஸ்டெப்பில் அல்ல, அதற்கு அடுத்து வரும் கிளீனப் ஸ்டெப்பில். டிரெஸ் டவுன் பலியாவது எண்ட் ஸ்டெப்பின் தொடக்கத்தில். ஆகவே ஷாடோ சுருங்கும் கணத்தில் அன்று பட்ட சேதம் முழுவதும் அதன் மேலேயே இருக்கும். டிரெஸ் டவுனை ஷாடோவுடன் சேர்த்து ஆடுகிறவர்கள் தாக்குவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்வது நல்லது. போரில் தப்பிய கிரீச்சர் போர் முடிந்த பின் இறப்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் பலர்.

இனி முதன்மைக் கேள்வி. உங்கள் லேண்டுகள் மவுண்டன்தான். நண்பரின் விடை சரி. ஆனால் அவர் சொன்ன காரணம் முற்றிலும் தவறு, அந்தத் தவறான காரணம்தான் அவரைச் சீஃப்டன் விஷயத்தில் வழுக்க வைத்திருக்கிறது.

நாம் எல்லோரும் இந்த ஆட்டத்தைக் கற்கும்போது முதலில் பழகுவது ஸ்டாக். ஒன்று நடக்கிறது, அதற்கு மறுமொழியாக மற்றொன்று நடக்கிறது, நிகழ்ச்சிகள் வரிசையாக முடிகின்றன. அந்தப் பழக்கத்தில், மேகஸ் வந்தபோது லேண்டுகளை மாற்றியது, பிறகு டிரெஸ் டவுன் வந்து மேகஸை மாற்றியது என்று கதையாகவே எண்ணிக்கொள்கிறோம். ஆனால் மேகஸின் வரி ஒரு நிகழ்ச்சி அல்ல. அது எந்த லேண்டையும் ஒரு முறை மாற்றிவிட்டு ஓய்வதில்லை. களத்தில் இருக்கும் வரை இடைவிடாமல் பொருந்திக்கொண்டே இருக்கும் தொடர்விளைவு. இத்தகைய விளைவுகள் ஸ்டாக்குக்கு வருவதே இல்லை. அவற்றைத் தீர்க்க விதிநூலின் 613-ஆம் விதி வேறொரு முறையை வைத்திருக்கிறது. களத்தில் இருக்கும் ஒவ்வொரு சீட்டையும் அச்சில் உள்ளபடியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கணமும் புதிதாக, அடுக்கு அடுக்காக விளைவுகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும். நேற்று என்ன நடந்தது என்பதல்ல, இப்போது கணக்கிட்டால் என்ன வருகிறது என்பதே கேள்வி.

அடுக்குகள் ஏழு. நகல் விளைவுகள் முதலில், அடுத்து யார் கட்டுப்பாட்டில் என்பது, மூன்றாவது, வாசகத்தையே மாற்றும் விளைவுகள், நான்காவது, வகையை மாற்றுபவை, ஐந்தாவது நிறம், ஆறாவது, திறன்களைத் தருவதும் நீக்குவதும், ஏழாவது, பவரும் டஃப்னஸும். ஏழாவதற்குள் மட்டும் நான்கு உட்பிரிவுகள் உண்டு: தன் அளவைத் தானே வரையறுக்கும் திறன்கள் முதலில், குறிப்பிட்ட எண்ணை நிர்ணயிப்பவை அடுத்து, கூட்டிக் குறைப்பவையும் கவுன்டர்களும் (சீட்டின் மேல் வைக்கும் குறிகள்) பிறகு, இரண்டையும் இடம் மாற்றுபவை கடைசியில்.

இப்போது உங்கள் மேசைக்கு வருவோம். நான்பேசிக் லேண்டுகள் மவுண்டன் என்பது வகையை மாற்றும் விளைவு, ஆகவே நான்காம் அடுக்கு. கிரீச்சர்கள் திறன்களை இழக்கும் என்பது ஆறாம் அடுக்கு. நான்காம் அடுக்கை நாம் கணக்கிடும்போது மேகஸ் அச்சில் உள்ளபடி தன் வரியுடன்தான் இருக்கிறது, ஏனெனில் அதை நீக்கும் விளைவு இன்னும் பொருந்தத் தொடங்கவில்லை. லேண்டுகள் மவுண்டன் ஆகிவிடுகின்றன. ஆறாம் அடுக்குக்கு வரும்போது மேகஸின் திறன் போகிறது. ஆனால் கணக்கு பின்னோக்கிப் போவதில்லை. டிரெஸ் டவுன் முதலில் வந்து மேகஸ் பிறகு வந்திருந்தாலும் விடை இதுவே. எது முன்னால் வந்தது என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை என்பதைத்தான் உங்கள் நண்பர் கவனிக்கவில்லை.

டெத்ஸ் ஷாடோ 13/13 ஆனதும் இதே முறையில்தான். அதன் குறைக்கும் திறன் ஏழாம் அடுக்கில் வேலை செய்ய வேண்டியது. ஆறாம் அடுக்கிலேயே திறன் போய்விட்டதால் ஏழில் குறைக்க ஆள் இல்லை. டார்மோகாய்ஃப் என்ற கிரீச்சர் எதிரே இருந்திருந்தால் அது 0/1 ஆகியிருக்கும். தன் அளவைத் தானே வரையறுக்கும் வரி போய்விட்டால், அச்சில் எண்ணுக்குப் பதில் இருக்கும் நட்சத்திரக் குறி சுழி என்றே கொள்ளப்படும்.

நிழலாட்டக்காரன்:

மிக்க நன்றி. லேண்டு விஷயம் புரிந்தது. மனம் ஒப்பவில்லை என்றாலும் கணக்கு விளங்குகிறது. ஆனால் சீஃப்டனைப் பற்றி நீங்கள் தீர்ப்புச் சொல்லவில்லையே. இந்த இழையை அனுப்பிவைத்தபோது நண்பர் விதிநூலிலிருந்தே ஒரு வரியை எடுத்துக்காட்டினார்: ஒரு விளைவு ஏதேனும் ஓர் அடுக்கில் பொருந்தத் தொடங்கிவிட்டால், அதை உண்டாக்கிய திறன் நடுவில் நீக்கப்பட்டாலும், மற்ற அடுக்குகளிலும் அது அதே சீட்டுகளுக்குத் தொடர்ந்து பொருந்தும் என்று 613.6 சொல்கிறது. சீஃப்டனின் வரி மற்றக் கோப்ளின்களுக்கு +1/+1, ஹேஸ்ட் (வந்த முறையிலேயே தாக்கும் திறன்) இரண்டையும் ஒன்றாகத் தருகிறது. ஹேஸ்ட் தருவது ஆறாம் அடுக்கு. சீஃப்டன் டிரெஸ் டவுனுக்கு முன்பே வந்துவிட்டது. ஆகவே ஆறாம் அடுக்கில் முதலில் சீஃப்டன் பொருந்தும், பிறகுதான் டிரெஸ் டவுன் பொருந்தும். ஹேஸ்ட் போனாலும் விளைவு தொடங்கிவிட்டதால் ஏழாம் அடுக்கில் +1/+1 நிற்கும் என்கிறார். எனக்கு மறுமொழி தெரியவில்லை.

ஏழாம்அடுக்கு:

உங்கள் நண்பரைப் பாராட்ட வேண்டும். இது வழக்கமான மேசை வாதம் அல்ல. விதியைப் படித்துவிட்டு வைத்திருக்கும் வாதம். ஒரே அடுக்கில் இரண்டு விளைவுகள் மோதினால் பொதுவாக டைம்ஸ்டாம்ப் வரிசை, அதாவது எது முன்னால் வந்ததோ அது முன்னால் பொருந்துவது, என்பதும் உண்மை. 613.8 என்ற ஒரு விதி இல்லாமல் இருந்திருந்தால் அவர் வென்றிருப்பார்.

அந்த விதிக்குப் பெயர் சார்பு. ஒரே அடுக்கில் இருக்கும் இரண்டு விளைவுகளில், இரண்டாவதைப் பொருத்தினால் முதலாவதன் வாசகமோ, அது இருப்பதோ இல்லாததோ, அது எவற்றுக்குப் பொருந்தும் என்பதோ, அவற்றுக்கு அது என்ன செய்யும் என்பதோ மாறுமானால், முதலாவது இரண்டாவதைச் சார்ந்திருக்கிறது. சார்ந்திருப்பது காத்திருக்க வேண்டும். டைம்ஸ்டாம்ப் என்ன சொன்னாலும் சரி. டிரெஸ் டவுனைப் பொருத்தினால் சீஃப்டனின் திறனே இல்லாமல் போகிறது, அதனுடன் அதன் விளைவும் போகிறது. எனவே சீஃப்டன் டிரெஸ் டவுனைச் சார்ந்திருக்கிறது. ஆறாம் அடுக்கில் டிரெஸ் டவுன் முதலில் பொருந்துகிறது. சீஃப்டனின் முறை வரும்போது அங்கே பொருத்த எதுவும் இல்லை. தொடங்கவே இல்லாத விளைவு தொடர்வது எப்படி? 613.6 காப்பாற்றுவது தொடங்கிவிட்ட விளைவை மட்டுமே. ஆகவே மற்றக் கோப்ளின் 2/2.

சார்பு என்பது ஒரே அடுக்குக்குள் மட்டும் பார்க்கப்படுவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேகஸுக்கும் டிரெஸ் டவுனுக்கும் இடையே இதே வாதத்தை நேர்வழி வைக்க விரும்பலாம். டிரெஸ் டவுனைப் பொருத்தினால் மேகஸின் விளைவும் இல்லாமல்தானே போகும் என்று. அவை நான்கிலும் ஆறிலுமாகப் பிரிந்து நிற்பதால் அந்தக் கேள்விக்கே அங்கு இடமில்லை. இரண்டுக்கும் விடை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற உங்கள் எதிர்பார்ப்பு தவறிய இடம் இதுதான். இரண்டும் கிரீச்சர்களின் திறன்கள் என்பது உண்மை. ஆனால் விதி கேட்பது திறன் யாருடையது என்பதை அல்ல, அந்த விளைவு எந்த அடுக்கில் வேலை செய்கிறது என்பதை.

பழையசீட்டு:

மேலே உள்ளதில் திருத்த எதுவும் இல்லை. ஆனால் சார்பு என்றதும் பலர் வேறொரு பிழைக்குள் விழுவதைப் பார்த்திருக்கிறேன். வரிசையை மாற்றினால் முடிவு மாறுகிறதே, ஆகவே இது சார்புதான் என்று சொல்லிவிடுவார்கள். அது சோதனை அல்ல.

பாடநூல் எடுத்துக்காட்டை முதலில் பார்ப்போம். 1994-இல் த டார்க் தொகுப்பில் வந்த பிளட் மூன், மேகஸின் மூலச் சீட்டு. என்சான்ட்மென்ட் வடிவில் அதே வரி. 2007-இல் வந்த அர்போர்க், டூம் ஆஃப் யாக்மாத் என்ற லேண்ட், ஒவ்வொரு லேண்டும் தன் மற்ற வகைகளோடு ஸ்வாம்ப்பாகவும் இருக்கும் என்கிறது. இரண்டும் நான்காம் அடுக்கு. பிளட் மூன் களத்தில் இருக்கிறது, பிறகு அர்போர்க் வருகிறது. பிந்தியது வெல்லும் என்று எண்ணி எல்லா லேண்டுகளிலிருந்தும் கறுப்பு மானா எடுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. முடியாது. ஒரு லேண்டின் வகையை ஏதேனும் ஒரு பேசிக் லேண்ட் வகையாக நிர்ணயித்தால், அந்த லேண்ட் தன் பழைய லேண்ட் வகையையும் தன் வாசகத்திலிருந்து வரும் எல்லாத் திறன்களையும் இழந்து, புதிய வகைக்குரிய மானாத் திறனை மட்டும் பெறும் என்று 305.7 சொல்கிறது. இந்த இழப்பு ஆறாம் அடுக்குக்குக் காத்திருப்பதில்லை. வகை மாற்றத்தின் பகுதியாக நான்கிலேயே நடந்துவிடுகிறது. அர்போர்க்கும் ஒரு நான்பேசிக் லேண்ட். பிளட் மூன் பொருந்தினால் அதன் வரியே அழிகிறது. ஆகவே அர்போர்க் சார்ந்தது, பிளட் மூன் முதலில் பொருந்தும், யார் முன்னால் வந்தாலும். அர்போர்க் வெறும் மவுண்டன். அது லெஜண்டரியாக இருப்பது மட்டும் போகாது, ஏனெனில் அதே விதி அத்தகைய அடைமொழிகளைத் தொடுவதில்லை.

இப்போது பிளட் மூனை எடுத்துவிட்டு, ஸ்பிரெடிங் சீஸ் என்ற ஆராவை (வேறொன்றின் மேல் ஒட்டும் என்சான்ட்மென்டை) ஒரு ஃபாரஸ்ட்டின் மேல் வையுங்கள். அந்த லேண்ட் ஐலண்ட் ஆகிறது. அர்போர்க்கும் களத்தில் இருக்கிறது. ஸ்பிரெடிங் சீஸ் பிந்தியதானால் அந்த லேண்ட் ஐலண்ட் மட்டுமே. அர்போர்க் பிந்தியதானால் ஐலண்டும் ஸ்வாம்ப்பும். வரிசையால் முடிவு மாறுகிறது, ஆனாலும் இங்கே சார்பு இல்லை. ஸ்பிரெடிங் சீஸைப் பொருத்துவதால் அர்போர்க்கின் வரி அழிவதில்லை, அது பொருந்தும் லேண்டுகள் மாறுவதில்லை, ஸ்வாம்ப் சேர்க்கும் வேலையும் மாறுவதில்லை. மறுபக்கமும் அப்படியே. ஒன்று எழுதியதன் மேல் இன்னொன்று எழுதுகிறது, அவ்வளவே. அதற்கு டைம்ஸ்டாம்ப் போதும்.

டிரெஸ் டவுன் இருக்கும் மேசையிலும் இந்த வேறுபாடு நேரடியாகப் பயன்படும். ஜம்ப் என்ற பழைய மந்திரம் ஒரு கிரீச்சருக்கு அந்த முறை முடியும் வரை பறக்கும் திறனைத் தருகிறது. டிரெஸ் டவுனுக்கு முன் ஜம்ப் போட்டிருந்தால் பறக்கும் திறன் போய்விடும். பின் போட்டால் நிற்கும். லைட்னிங் கிரீவ்ஸ் போன்ற எக்விப்மென்ட்டில் (கிரீச்சருக்கு அணிவிக்கும் கருவியில்) இன்னொரு நுணுக்கம் உண்டு. எக்விப்மென்ட் ஒரு கிரீச்சரின் மேல் புதிதாகப் பொருத்தப்படும் ஒவ்வொரு முறையும் அதற்குப் புது டைம்ஸ்டாம்ப் கிடைக்கும். ஆகவே டிரெஸ் டவுன் வந்த பின் கிரீவ்ஸை வேறொரு கிரீச்சருக்கு மாற்றினால் அந்தக் கிரீச்சர் ஹேஸ்ட்டும் ஷ்ரவுடும் (எதனாலும் குறிவைக்க முடியாத திறன்) பெறும். ஏற்கெனவே அணிந்திருக்கும் கிரீச்சருக்கே மீண்டும் பொருத்திப் புது டைம்ஸ்டாம்ப் வாங்கலாம் என்று நினைத்தால் நடக்காது. ஒட்டியிருப்பதை அதே இடத்தில் ஒட்டுவது எதையும் செய்வதில்லை.

நேர்வழி:

என் முதல் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எண்ட் ஸ்டெப்பையும் கிளீனப்பையும் நான் ஒன்றாகவே நினைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனால் 613.6 விதிக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டீர்களே என்று தோன்றுகிறது. மேகஸுக்கு அது தேவைப்படவில்லை, ஏனெனில் அதன் விளைவு நான்காம் அடுக்கோடு முடிகிறது. சீஃப்டனுக்கு அது கைகொடுக்கவில்லை. பிறகு யாருக்காக அந்த விதி? இன்னொன்று: டிரையாட் ஆர்பர் போல லேண்டாகவும் கிரீச்சராகவும் இருப்பவை இந்த மேசையில் இருந்தால் என்ன ஆகும்?

பழையசீட்டு:

ஆர்பருக்கு விடை சுருக்கம்தான், சுவையானதும் கூட. அது அச்சில் ஃபாரஸ்ட், டிரையாட், பச்சை நிறம், 1/1. மேகஸால் நான்காம் அடுக்கில் ஃபாரஸ்ட் போய் மவுண்டன் ஆகிறது. கிரீச்சராக இருப்பதும் டிரையாடாக இருப்பதும் போவதில்லை, நிறமும் பச்சையாகவே நிற்கிறது. மவுண்டன் ஆனதால் சிவப்பு மானாத் திறன் கிடைக்கிறது. ஆறாம் அடுக்கில் டிரெஸ் டவுன் அந்தத் திறனையும் பறித்துவிடுகிறது, ஏனெனில் ஆர்பர் ஒரு கிரீச்சர். கடைசியில் கையில் இருப்பது எந்த மானாவும் தராத ஒரு பச்சை மவுண்டன்.

613.6 யாருக்காக என்பதற்கு ஹியூமிலிட்டியைச் சொல்லாமல் தீராது. 1997-இல் வந்த என்சான்ட்மென்ட். எல்லாக் கிரீச்சர்களும் திறன்களை இழந்து அடிப்படை 1/1 ஆகும் என்கிறது. 1999-இல் ஓபலெசன்ஸ் வந்தது. ஆரா அல்லாத மற்ற ஒவ்வொரு என்சான்ட்மென்டும் கிரீச்சராகவும் ஆகி, தன் மானா மதிப்பையே (அதைப் போடுவதற்கான மொத்த மானா அளவையே) பவராகவும் டஃப்னஸாகவும் கொள்ளும் என்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கும்போது ஹியூமிலிட்டியே ஒரு கிரீச்சர் ஆகிறது, தன் திறனைத் தானே பறிக்கிறது. பறித்த பின் அது எப்படிப் பறித்தது? பறிக்காவிட்டால் திறன் இருக்கிறதே, பிறகு ஏன் பறிக்கவில்லை? இப்படி வட்டமாக ஓடிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானே ஓடியிருக்கிறேன்.

அடுக்குப்படி நடந்தால் வட்டம் இல்லை. நான்கில் ஓபலெசன்ஸ் ஹியூமிலிட்டியைக் கிரீச்சராக்குகிறது. ஆறில் ஹியூமிலிட்டி தன்னையும் சேர்த்து எல்லாக் கிரீச்சர்களின் திறன்களையும் நீக்குகிறது. இந்த இடத்தில்தான் 613.6 தேவைப்படுகிறது. ஆறில் தொடங்கிவிட்ட விளைவு என்பதால், அதை உண்டாக்கிய திறன் இப்போது இல்லாவிட்டாலும், ஏழாம் அடுக்கில் 1/1 ஆக்கும் பகுதியும் பொருந்தியே தீரும். ஏழில் எண்ணை நிர்ணயிக்கும் உட்பிரிவில் இரண்டும் மோதுகின்றன. அங்கே சார்பு இல்லை, டைம்ஸ்டாம்ப்தான். ஹியூமிலிட்டி பிந்தியதானால் தானும் மற்ற என்சான்ட்மென்டுகளும் 1/1. ஓபலெசன்ஸ் பிந்தியதானால் என்சான்ட்மென்டுகள் தம் மானா மதிப்பின்படி நிற்கும், ஹியூமிலிட்டி 4/4. சாதாரணக் கிரீச்சர்கள் மட்டும் 1/1. இரண்டு நிலையிலும் ஓபலெசன்ஸ் தன்னைத் தவிர்த்த மற்றவற்றையே சொல்வதால் அது கிரீச்சர் ஆகாது, திறனையும் இழக்காது.

அந்த மேசையில் பிளட் மூனும் இருந்தால் அதுவும் 3 மானா மதிப்புள்ள கிரீச்சராகித் தன் திறனை இழக்கும். ஆனாலும் லேண்டுகள் மவுண்டனாகவே இருக்கும். மேகஸின் கதையேதான்.

ஏழாம்அடுக்கு:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சீஃப்டனுக்குப் பதிலாக எல்விஷ் ஆர்ச்டிரூயிட் போல, திறன் எதையும் தராமல் +1/+1 மட்டும் தரும் கிரீச்சர் இருந்திருந்தால் சார்பைப் பற்றிப் பேச வேண்டியதே வந்திருக்காது. அதன் வேலை ஏழில்தான் தொடங்குகிறது, ஆறிலேயே திறன் போய்விட்டது. சீஃப்டனில் ஹேஸ்ட் சேர்ந்திருப்பதுதான் வழக்கை ஆறாம் அடுக்குக்கு இழுத்துவந்தது.

இப்படிப்பட்ட வழக்கு ஆட்டத்தின் நடுவில் எழுந்தால் பகடை உருட்ட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். போட்டியானால் நடுவரை அழையுங்கள். அதற்காகவே அவர் இருக்கிறார். நட்பு ஆட்டமானால் கேதரர் என்ற அதிகாரப்பூர்வத் தளத்தில் சீட்டின் இப்போதைய வாசகத்தையும் அதன் கீழுள்ள குறிப்புகளையும் பாருங்கள். கையில் உள்ள பழைய அச்சின் சொற்களை வைத்து வாதாடுவதில் பயனில்லை. ஒரு சீட்டு எந்த ஆண்டு அச்சிடப்பட்டதானாலும் இன்றைய அதிகாரப்பூர்வ வாசகமே செல்லும்.

சிவப்புமலை:

எதிரே அமர்ந்திருந்தவன் நான்தான். இழையை முழுவதும் இரண்டு முறை படித்தேன். மேகஸில் சரியான விடையைத் தவறான காரணத்தோடு சொன்னேன், சீஃப்டனில் சரியான விதியைத் தவறான இடத்தில் வைத்தேன் என்பதை ஏற்கிறேன். 2 + 2 என 4 சேதம்தான், எண்ட் ஸ்டெப்பில் 5/5 ஆகும் ஷாடோ பிழைத்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை நிழலாட்டக்காரன் எழுதாமல் விட்டுவிட்டார். தட்டப்படாமல் இன்னொரு கோப்ளினும் மேகஸும் என்னிடம் இருந்தன. 5 சேதம் போதும் என்று கணக்கிட்டதால்தான் இரண்டை மட்டும் தடுக்க வைத்து, மற்ற இரண்டையும் காப்பாற்றினேன். சீஃப்டனின் +1/+1 செல்லாது என்று அப்போதே தெரிந்திருந்தால் மூன்றாவதாக அந்தக் கோப்ளினையும் சேர்த்திருப்பேன். 6 சேதம், ஷாடோ எப்படியும் இறந்திருக்கும்.

இன்னொரு சிறு கேள்வி. டிரெஸ் டவுன் ஏற்கெனவே களத்தில் இருக்கும்போது சீஃப்டன் பிறகு வந்தால், அப்போது அதுதானே பிந்தியது? அப்போதாவது மற்றக் கோப்ளின்களுக்கு ஹேஸ்ட் உண்டா?

ஏழாம்அடுக்கு:

இல்லை. சார்பு இருக்கும் இடத்தில் டைம்ஸ்டாம்ப் பார்க்கப்படுவதில்லை என்பதால், சீஃப்டன் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் டிரெஸ் டவுன்தான் முதலில் பொருந்தும். சீஃப்டன் தனக்கென வைத்திருக்கும் ஹேஸ்ட்டும் அச்சிலுள்ள திறனே என்பதால் அதுவும் போகும்.

நிழலாட்டக்காரன்:

மூன்று பேராகத் தடுத்திருந்தால் ஷாடோவின் 13 சேதத்தையும் மூன்றுக்கும் பங்கிட்டு மூன்றையும் கொன்றிருப்பேன். மேகஸ் மட்டுமே மிஞ்சியிருக்கும், அடுத்த முறை உங்களிடம் தாக்க 2/2 ஒன்றுதான். அந்த ஆட்டத்தை அந்த இடத்திலிருந்து அப்படியே மீண்டும் அடுக்கி ஆடிப் பார்க்க நான் தயார். என் கையில் கோ ஃபார் த த்ரோட் இருப்பது இப்போது உங்களுக்குத் தெரியும் என்பது மட்டுமே குறை.